பட்டைத்தோல்: ஒரு சரித்திரக் குறிப்பு

பெங்களூரில் நண்பர் ஒருவர் என்னை அழைத்துப்போன மதுக்கடையில், கடையின் பின்கட்டிலேயே காய்ச்சிய பியரைக் கொடுத்தார்கள். ஆலைச் சரக்கல்ல, கையால் ஆனது என்று பரிமாறியவர் இரண்டு முறை சொன்னார். விலைப்பட்டியலுக்குத் தோல் அட்டை போட்டிருந்தார்கள். மரப்பட்டையில் பதனிட்ட தோல், இதுவும் கைவேலை என்று உள்பக்கத்தில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. பியர் நன்றாகத்தான் இருந்தது. நான் அட்டையை முகர்ந்து பார்த்தேன். பாலாற்றங்கரையில் வளர்ந்தவனுக்கு அது தன்னிச்சையாக நடக்கிற காரியம். மேஜையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்கள் எல்லோரும் அதுவரை தத்தம் கோப்பைகளை முகர்ந்து, ஆரஞ்சுத் தோல் வாசனை, வறுத்த தானிய வாசனை என்று பேசிக்கொண்டிருந்தவர்கள்தான்.

கைத்தொழில் என்று போன தலைமுறை சொன்னதை இப்போது கைவினை என்கிறோம். தொழில் என்றால் அதில் கூலி உண்டு, சாதி உண்டு, வேலைநிறுத்தம் உண்டு. வினை என்று ஆகிவிட்டால் பொருள் மட்டும் தனியே மேஜைக்கு வந்துவிடுகிறது. சொல் மாறியதைப் பற்றிப் புகார் இல்லை. ஆனால் எந்தக் கைகளை வினைஞர் பட்டியலில் சேர்த்தோம், எவற்றைச் சேர்க்காமல் விட்டோம் என்பதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அதில் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் பங்கு பெரியது.

இந்தியக் கைத்திறனின் அழகைப் பற்றி நாம் இன்று பேசும் பாஷையைப் பெரும்பாலும் இருவரிடமிருந்து பெற்றிருக்கிறோம். ஒருவர் 1884இல் சென்னைக் கலைப்பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஹாவெல். மற்றவர் 1909இல் இந்தியக் கைவினைஞனைப் பற்றித் தனிப்புத்தகம் எழுதிய ஆனந்த குமாரசாமி. இங்கிலாந்தில் ரஸ்கினும் வில்லியம் மாரிஸும் யந்திரத்துக்கு எதிராக எழுப்பிய வாதத்தை இவர்கள் இந்தியாவுக்குக் கொண்டுவந்து, அதற்கு ஒரு ஆன்மிக அஸ்திவாரமும் போட்டார்கள். பரம்பரையாக வரும் தொழிலே கைவினைஞனின் தர்மம், அந்தத் தர்மத்திலிருந்தே அவன் கையில் அழகு பிறக்கிறது என்பது குமாரசாமியின் நிலை. சிற்பி, ஸ்தபதி, நெசவாளி, தட்டான் ஆகியோரைப் பார்த்துக்கொண்டு படித்தால் இந்த வாதம் மனத்தைக் கவர்கிறது. சுண்ணாம்புத் தொட்டியில் முழங்கால் அளவு நிற்பவனைப் பார்த்துக்கொண்டு படித்தால் அதே வாக்கியம் வேறு விதமாகக் கேட்கிறது. பரம்பரைத் தொழில் என்பது அவனைப் பொறுத்தவரை வெளியே போக வழியில்லாத தொழில். தோல் வேலையை உதாரணமாகக் கொண்டு இந்த அழகியலை யாரும் கட்டியதாக நான் படித்ததில்லை. கட்டியிருக்கவும் முடியாது என்றே நினைக்கிறேன்.

இத்தனைக்கும் அந்த வேலையில் நுட்பத்துக்குக் குறைவில்லை. நம் வட்டாரத்தின் பழைய பட்டைப் பதனீட்டைக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மில் பலர் அதன் நாற்றத்தைத் தவிர வேறெதையும் அறிந்தவர்களல்ல.

உப்புப் போட்டு வந்த தோலை முதலில் தண்ணீரில் ஊறவைத்து உப்பையும் ரத்தத்தையும் அழுக்கையும் போக்குவார்கள். பிறகு சுண்ணாம்புத் தொட்டி. அதில் நாள்கணக்கில் கிடந்து தோல் உப்பி, மயிர்க்கால்கள் தளரும். சாய்வாக நிறுத்திய வளைந்த மரக்கட்டைமேல் தோலைப் போட்டு, இருபக்கமும் பிடியுள்ள மழுங்கிய கத்தியால் மயிரைத் தள்ளுவார்கள். அதே கட்டையில், இந்தத் தடவை கூரான கத்தியால், உள்பக்கத்துச் சதையைச் சீவுவார்கள். சீவுகிறவனின் மணிக்கட்டு ஒரு நூலளவு சாய்ந்தால் தோலில் வெட்டு விழும். வெட்டு விழுந்த தோல் தரம் இறங்கும், விலையும் இறங்கும். சுண்ணாம்பைக் கழுவி எடுத்தபின் ஆவாரம்பட்டைத் தொட்டி. முதலில் பழைய, பலம் குறைந்த பட்டைநீர். அடுத்தடுத்துப் பலம் கூடிய புதுநீர். எடுத்த எடுப்பில் பலமான நீரில் போட்டால் மேல்தோல் மட்டும் சட்டென்று இறுகி, உள்ளே பட்டைச்சாறு இறங்காமல் நின்றுவிடும். தினமும் தோல்களைப் புரட்ட வேண்டும், காலால் மிதிக்க வேண்டும். சில வாரங்கள் இப்படிப் போகும். ஆயிற்றா என்று பார்க்க ஓரத்தில் ஒரு துணுக்கை வெட்டி, வெட்டுவாயைப் பார்ப்பார்கள். நடுவில் வெளிறிய கோடு தெரிந்தால் இன்னும் ஆகவில்லை என்று அர்த்தம். கடைசியில் கடுக்காய் நீர், எண்ணெய், நிழலில் உலர்த்தல்.

கடுக்காய் எதற்கு என்பதில் ஒரு சுவையான விஷயம் இருக்கிறது. ஆவாரம்பட்டையில் மட்டும் பதனிட்ட தோல் வெயில் பட்டால் நாளாவட்டத்தில் சிவந்துபோகும். கடுக்காய் நீரில் முக்கி எடுத்தால் அந்தச் சிவப்பு மட்டுப்படுகிறது. பட்டையிலுள்ள துவர்ப்புச் சத்து ஒரு வகை, கடுக்காயிலுள்ளது வேறொரு வகை என்று ரசாயன சாஸ்திரம் பின்னால் பெயர் வைத்தது. பெயர் வைப்பதற்கு முன்பே வேலை நடந்துகொண்டிருந்தது. இதே கடுக்காயை அன்னபேதியோடு சேர்த்தால் கறுப்பு மை. துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுக்கும். தோல் தொட்டியில் இரும்பு பட்டால் கறை விழுவதும் அதனால்தான். எழுதுகிறவனும் தோல் பதனிடுகிறவனும் ஒரே காயிலிருந்து கறுப்பை எடுத்தார்கள், முதலாமவனின் விரல் கறைக்கு மட்டும் மரியாதை கிடைத்தது.

ஏற்றுமதிச் சரக்காக இது உருவானது 19ஆம் நூற்றாண்டின் நடுவில். 1840களில் டி சூசா என்ற யூரேசியர் புதுச்சேரியிலிருந்து சென்னைக்கு வந்து, நாட்டுப் பதனீட்டைச் சீர்திருத்தி ஏற்றுமதிக்கு ஏற்றதாக்கினார் என்பது தொழில் வட்டாரத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை. எந்தப் பெரிய தொழிலுக்கும் ஒரு வெள்ளைத் தோல் மூலபுருஷர் தேவைப்படுகிறது. அவருக்கு முன்பு பட்டையைத் தட்டியவர்களுக்குப் பெயர் கிடையாது. சென்னை பெரியமேட்டில் தரகு மண்டிகள் எழுந்தன. வட ஆர்க்காட்டுத் தோல்கள் அங்கே தரம் பிரிக்கப்பட்டு, கட்டுகளாகக் கப்பலேறி லண்டன் ஏலத்துக்குப் போயின. அங்கே அவற்றுக்கு ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்று பெயர். இன்றுவரை தொழிலில் ஈ.ஐ. என்றுதான் சொல்கிறார்கள். காஞ்சிப் பட்டுக்கும் பவானி ஜமக்காளத்துக்கும் அவை பிறந்த ஊரின் பெயர் கிடைத்தது. நம் தோலுக்குக் கிடைத்தது வாங்கிப்போனவன் வைத்த பெயர்.

சாதி இந்துக்கள் தொட மறுத்த சரக்கு இது. ஆகவே முதலாளிகளாக வந்தவர்களில் முஸ்லிம் வணிகர்கள் அதிகம். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் அவர்கள் இந்தப் பணத்திலிருந்து பள்ளிகளும் கல்லூரியும் கட்டினார்கள். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இல் தொடங்கியது. தொட்டியில் இறங்கியவர்கள் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட சாதியார். கொடிக்கால் வேலைக்கும் வயல் வேலைக்கும் போனால் கிடைக்காத ரொக்கக் கூலி இங்கே கிடைத்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். நாற்றம் என்று நாம் மூக்கைப் பொத்திய இடத்தில், ஆண்டைக்குக் கும்பிடு போடாத ஒரு வாரக்கூலி இருந்தது. கிராமத்துக் கைவினையின் இனிமையைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை.

இந்த இடத்தில் அமெரிக்கா குறுக்கிட்டது. 1884இல் நியூயார்க்கில் அகஸ்டஸ் ஷூல்ட்ஸ் குரோமிய உப்பால் தோல் பதனிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1893இல் மார்ட்டின் டென்னிஸ் அதை ஒரே தொட்டியில் முடியும்படி எளிதாக்கினார். வாரக்கணக்கு வேலை நாள்கணக்காயிற்று. அதுவரை பதனிட்ட ஆட்டுத்தோலை இங்கிருந்து வாங்கிய அமெரிக்கர்கள் பச்சைத்தோலே போதும் என்று சொல்லிவிட்டார்கள். சென்னை மாகாணத்தில் பல தொட்டிகள் காய்ந்தன.

இந்த நெருக்கடியில் வருகிறவர் ஆல்ஃபிரட் சாட்டர்டன். பொறியியல் கல்லூரிப் பேராசிரியர். ஹாவெல் இருந்த அதே கலைப்பள்ளிக்குப் பின்னால் வந்து, 1898இல் அங்கே அலுமினியப் பாத்திரம் செய்யவைத்தவர். ஒரே கட்டடத்தில் முன்னவர் சிற்பத்தின் மேன்மையைக் கண்டார், பின்னவர் குண்டானையும் செம்பையும் கண்டார். நம் கலை விமர்சகர்கள் ஹாவெலை நினைவு வைத்திருக்கிறார்கள். எனக்கு சாட்டர்டன்மேல் ஒரு பட்சபாதம் உண்டு. 1903இல் அவர் குரோம் பதனீட்டுச் சோதனையைத் தொடங்கினார். 1904இல் மாகாணத்தின் தோல் தொழிலைப் பற்றித் தனி அறிக்கை நூல் எழுதினார். சோதனையில் அவர் முதலில் செய்ய நினைத்த பொருள் சீமாட்டியின் கையுறையோ துரையின் பூட்ஸோ அல்ல, கவலை ஏற்றத்தின் சால். கிணற்றுத் தண்ணீரில் ஓயாமல் முங்கி எழும் பட்டைத்தோல் சீக்கிரம் அழுகும், குரோம் தோல் தாக்குப்பிடிக்கும். வட ஆர்க்காட்டு விவசாயியின் ஆண்டுச் செலவில் சாலுக்கு ஒரு பங்கு இருந்ததை அறிந்த ஒருவரின் யோசனை அது. அரசாங்கம் வியாபாரம் செய்யலாமா என்று வெள்ளைக்கார வணிகர்கள் முறுமுறுத்தார்கள். 1910இல் இந்தியா மந்திரி மார்லி அந்த மாதிரி முயற்சிகளுக்கு முட்டுக்கட்டை போட்டார். 1912இல் சேம்பர்ஸ் என்பவர் பல்லாவரம் பக்கத்தில் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனியின் பெயரால்தான் குரோம்பேட்டை என்று ஓர் ஊர் ஏற்பட்டது. அங்கே குடியிருக்கும் கவிஞர்கள் இருவரை எனக்குத் தெரியும். இருவருக்கும் ஊர்ப்பெயரின் காரணம் தெரியாது.

அழிந்துகொண்டிருந்த பட்டைப் பதனீட்டைக் காப்பாற்றியது ரசனை அல்ல, யுத்தம். முதல் உலக யுத்தத்தில் பட்டாளத்துப் பூட்ஸின் மேல்தோலுக்கு நம் மாட்டுத்தோல் பொருத்தமாக இருந்தது. அரசாங்கமே மொத்தமாக வாங்கிற்று. பிளாண்டர்ஸ் சேற்றில் நின்ற சிப்பாயின் காலில் ஆவாரம்பட்டை இருந்திருக்கலாம். 1919இல் பச்சைத்தோல் ஏற்றுமதிக்கு 15 சதவீத வரி விதித்தார்கள், சாம்ராஜ்யத்துக்குள் போனால் 10 சதவீதம் தள்ளுபடி. 1923இல் வரி 5 சதவீதமாக இறங்கியது. உள்ளூர்ப் பட்டை போதாமல் தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வரத் தொடங்கியது. அதாவது இந்த ‘நாட்டுப் பதனீடு’ ரொம்ப காலத்துக்கு முன்பே பாதி அந்நியச் சரக்கு. உள்ளூர்ப் பொருள், உள்ளூர்க் கை என்கிற சுத்தக் கனவு நம் ஊரில் நிலைக்காது.

காந்தி இதைத் தொட்டார். 1934இல் ஹரிஜன் இதழில் கிராமத் தோல் பதனீட்டைப் பற்றி எழுதினார். செத்த மாட்டை அறுப்பவனின் வேலையை அறிவோடு செய்யவேண்டிய தொழிலாக அவர் பேசியது அந்தக் காலத்தில் சாதாரணக் காரியமல்ல. ஆனால் ராட்டைக்குக் கிடைத்த புனிதம் கத்திக்குக் கிடைக்கவில்லை. நூல் நூற்ற மேல்சாதிக்காரர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. தோல் சீவப் போனவர்களை எண்ணிவிடலாம்.

சுதந்திரத்துக்குப் பின், 1948இல் அடையாறில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. அதன் இயக்குநராக இருந்த நாயுடம்மா விவசாயக் குடும்பத்தில் பிறந்து, தொட்டியின் விஞ்ஞானத்தைத் தன் விஞ்ஞானமாக வரித்துக்கொண்டவர். 1985இல் கனிஷ்கா விமானத்தோடு கடலில் போனார். 1970களின் தொடக்கத்தில் சீதாராமையா கமிட்டியின் சிபாரிசுப்படி, அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முடித்த தோலும் செருப்பும் பூட்ஸும் போகட்டும் என்று அரசு தீர்மானித்தது. பொருளாதார ரீதியில் சரியான முடிவுதான். கூலியும் வேலையும் பெருகின. காலையில் கிராமங்களிலிருந்து ஆம்பூருக்கு வரும் பெண் தொழிலாளர்களின் பஸ்களைப் பார்த்தவன் அதை மறுக்கமாட்டான். ஆனால் அதன் கூடவே பட்டைத் தொட்டிகள் போய் குரோம் டிரம்கள் பெருவாரியாக வந்தன. கழிவு பாலாற்றுக்குப் போயிற்று.

1991இல் வேலூர்க் குடிமக்கள் அமைப்பு ஒன்று உச்சநீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்டில் தீர்ப்பு. ஐந்து மாவட்டங்களில் 900க்கு மேற்பட்ட தோல் ஆலைகள், தோல் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ கெட்டுப்போனது என்ற விவரங்கள் அதில் இருக்கின்றன. மாசுபடுத்தியவன் ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் நிலைபெற்ற வழக்குகளில் இது முக்கியமானது. சட்டப் பாடப்புத்தகத்தில் வேலூர் என்றால் கோட்டை அல்ல, இந்த வழக்கு. ராணிப்பேட்டையில் 1990களில் மூடிக்கிடந்த குரோமேட் தொழிற்சாலையின் கழிவு லட்சக்கணக்கான டன் மலையாக நின்றது. 2015 ஜனவரியில் அதே ஊரில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டி உடைந்து 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்காளத்திலிருந்து வந்த கூலிகள், தூங்கிக்கொண்டிருந்தவர்கள். 2025 ஜனவரியில் உச்சநீதிமன்றம் மறுபடியும் பாலாற்றைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது.

இந்த இடத்தில்தான் மதுக்கடை அட்டையின் வாக்கியம் வசதியாக நுழைகிறது. மரப்பட்டைத் தோல் சுத்தம், குரோம் அழுக்கு. இது பாதி உண்மை. குரோமியம் இல்லை என்பது வாஸ்தவம். ஆனால் பாலாற்றுக் கிணறுகளைக் கரிக்கவைத்ததில் பெரும்பங்கு உப்புக்கு. தோல் அழுகாமல் வரப் போடும் உப்பு, பட்டையில் பதனிட்டாலும் குரோமில் பதனிட்டாலும் முதல் ஊறலிலேயே தண்ணீரில் இறங்குகிறது. சுண்ணாம்பும் மயிரும் சதையும் இருவருக்கும் பொது. பழைய தொட்டிகள் ஆற்றைக் கொல்லாமல் விட்டதற்கு ஒரு காரணம் அவை சிறியவையாக, மெதுவாக இருந்தது. அந்த மெதுவுக்கு விலை கொடுத்தவன் வாரக்கணக்கில் நனைந்த கால்களோடு நின்றவன். நல்ல தண்ணீர் இல்லாமல் நல்ல பியர் இல்லை என்று அன்று பரிமாறியவர் பெருமையாகச் சொன்னார். தோலுக்கும் அதே விதிதான். ஒரு வித்தியாசம், தோல் காய்ச்சியவர்கள் தங்கள் தண்ணீரையே செலவழித்தார்கள்.

2008இல் ஈ.ஐ. தோலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பதிவேட்டில் சுவாமிமலை வெண்கலமும் தஞ்சாவூர் ஓவியமும் கைவினை என்ற தலைப்பில் வருகின்றன. ஈ.ஐ. தோல், கோயம்புத்தூர் வெட்கிரைண்டரோடு சேர்ந்து, தயாரிப்புப் பொருள் என்ற தலைப்பில் வருகிறது. அதிகாரிகளுக்கு இதில் உள்நோக்கம் எதுவும் இருந்திருக்காது. குமாரசாமியிலிருந்து வரும் பழக்கம் போதும். கோலாப்பூர் செருப்பு 2019இல் கைவினையாகவே பதிவாயிற்று. தைத்து, பின்னி, உருவமாகி வந்துவிட்டால் நம் கண் ஏற்றுக்கொள்கிறது. 2025இல் இத்தாலியப் பிராடா கம்பெனி மிலானில் அதே மாதிரிச் செருப்பைக் காட்டியபோது தேசமே கொதித்து, கடைசியில் கம்பெனி மூலத்தை ஒப்புக்கொண்டது. ஆம்பூர்த் தோல் எத்தனையோ ஐரோப்பியப் பெயர்களைச் சுமந்துகொண்டு கப்பலேறியிருக்கிறது. யாரும் கொதித்ததில்லை. செருப்புக்கு உருவம் இருக்கிறது, தோலுக்கு இல்லை. திருட்டு என்று சொல்லக்கூட உருவம் வேண்டியிருக்கிறது.

நம் விமர்சனச் சொற்களையே பாருங்கள். செதுக்கிய கவிதை, நெய்த நடை, வார்த்தெடுத்த வரி, இழைத்த வாக்கியம். சிற்பி, நெசவாளி, கன்னான், தச்சன் எல்லோரும் வந்துவிட்டார்கள். பதனிட்ட கவிதை என்று ஒருவரும் எழுதவில்லை. நானும் எழுதியதில்லை. மடலேறும் காதலனுக்கு ஆவிரம்பூ மாலை சூட்டிய சங்க மரபு நம்மிடம் இருக்கிறது, பூவுக்குக் கீழே இருந்த பட்டையைப் பற்றி இரண்டாயிரம் வருஷம் மௌனம். திண்டுக்கல் தொழிலாளர்களைப் பற்றி டி. செல்வராஜ் எழுதிய ‘தோல்’ நாவலுக்கு 2012இல் சாகித்ய அகாதெமி பரிசு வந்தபோது, நம் வட்டத்தில் அதன் பிரசாரத் தொனியைப் பற்றித்தான் அதிகம் பேசினோம். தொனி பற்றிய புகாரை நான் வாபஸ் வாங்கவில்லை. ஆனால் அந்தத் தொட்டிக்குள் இறங்கிப் பார்த்த வேறொரு பெரிய நாவலை, தொனி சரியான ஒன்றை, எனக்கு எவரும் எடுத்துக் காட்டவில்லை.

வங்கியில் என் மேஜைக்குத் தோல் ஆலைகளின் மாதச் சரக்குப் பட்டியல்கள் வரும். கடனுக்கு ஈடு. பச்சைத்தோல் இத்தனை, பாதி முடிந்தது இத்தனை, முடித்தது இத்தனை சதுர அடி, ரசாயனம் இத்தனை கிலோ. சேரும்போது இருந்த ஒரு பழைய படிவத்தில் ‘பட்டை’ என்று ஒரு கட்டம் உண்டு. பல வருஷங்கள் அதில் கோடு போட்டு அனுப்பினார்கள். பிறகு புதுப் படிவம் வந்தது, அதில் அந்தக் கட்டம் இல்லை. திருச்சி, திண்டுக்கல், ஈரோடு பக்கங்களில் இன்னும் பட்டைத்தோல் செய்கிறார்கள். இங்கே பஸ் ஸ்டாண்டு கடையில் ஆவாரம்பூப் பொடி காகிதப் பொட்டலத்தில் விற்கிறது, சர்க்கரை வியாதிக்கு.